நடத்தை அறிவியல் படிக்க ஆசை: உளவியலா, பொருளியலா, சமூகப்பணியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது: "மனுஷங்க ஏன் இப்படி நடந்துக்கிறாங்கன்னு படிக்கணும். சென்னையில எந்த கோர்ஸ்ல சேரலாம்?" பள்ளி முடித்தவர்கள் மட்டும் கேட்பதில்லை. ஓ.எம்.ஆரில் நாலைந்து வருடம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டுத் திசை மாற நினைப்பவர்களும் கேட்கிறார்கள். மகளின் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் அப்பா அம்மாக்களும் கேட்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஒருவர் உளவியல் என்கிறார், இன்னொருவர் பொருளியல் என்கிறார், நடுவே ஆறு வாரத்தில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் வருகிறது. நான்கு வழிகளை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன தரும், என்ன பறிக்கும் என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## முதலில், இது என்ன துறை?

1950-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் நடத்தை அறிவியல் என்ற பெயர் பரவியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, உளவியல், சமூகவியல், மானிடவியல் எல்லாம் தனித்தனித் தீவுகளாக இருப்பதை மாற்ற முயன்றது. ஃபோர்டு அறக்கட்டளை அந்த எண்ணத்துக்குப் பணம் கொடுத்தது. 1954-இல் ஸ்டான்ஃபோர்டில் இதற்கென்றே ஒரு உயராய்வு மையம் வந்தது. மனிதர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதைக் கவனித்து, எண்ணி, சோதனை செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது இந்தத் துறைகளுக்குப் பொதுவான விதி.

பொருளியல் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. மனிதர்கள் எல்லாத் தகவலையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை, போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள் என்று சொன்ன ஹெர்பர்ட் சைமன் 1978-இல் பொருளியல் நோபல் பெற்றார். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-களில் எழுதிய கட்டுரைகள் பொருளியலையே அசைத்தன. கானமனுக்கு 2002-இலும் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலருக்கு 2017-இலும் நோபல் கிடைத்தது. இந்திய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் இந்த நடத்தைப் பொருளியலுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்கள்.

ஒரு உதாரணத்தோடு பார்த்தால் விளங்கும். பெரம்பூரில் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஒரு மாதம் ஒழுங்காகப் போடுகிறார், அப்புறம் நிறுத்திவிடுகிறார். ஏன்?

உளவியல் படித்தவர், வலியே இல்லாத ஒரு நோயை அவர் மனம் எப்படி எடைபோடுகிறது, மாத்திரை ஏன் இன்னும் பழக்கமாகவில்லை என்று பார்ப்பார். பொருளியல் படித்தவர், மாத்திரை வாங்கப் போகும் நாளில் அரை நாள் கூலி போகிறதே என்று கணக்குப் போடுவார். இன்றைக்குப் போகும் கூலி, பத்து வருடம் கழித்து வரக்கூடிய சிறுநீரகப் பாதிப்பைவிடப் பெரிதாகத் தெரிவது ஏன் என்றும் கேட்பார். சமூகப்பணி படித்தவர் வீட்டுக்கே போய், சமையல் யார் கையில் இருக்கிறது, நோய் இருப்பதை அவர் யாரிடம் சொல்லியிருக்கிறார் என்று விசாரிப்பார். மானிடவியலாளர் அந்தத் தெருவில் உட்கார்ந்து, சுகர் மாத்திரையைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கேட்பார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனபோது, அந்த அரை நாள் கூலிப் பிரச்சினை குறைந்தது. வீட்டுக்கு வந்த மாத்திரையையும் ஒருவர் போடாமல் வைத்தால், மற்ற மூன்று பேரின் கேள்விகள் மிச்சம் இருக்கின்றன.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழக்கமாகச் சம்பளத்தில் தொடங்குவார்கள். நான் முதலில் வைப்பது வேறு: அந்தப் படிப்பும் வேலையும் உங்களை நாள் முழுக்க எதன் எதிரில் உட்கார வைக்கும்? ஒரு மனிதரின் எதிரிலா, ஒரு எண் அட்டவணையின் எதிரிலா, ஒரு குடும்பத்தின் நடுவிலா? மனித மனம் பிடிக்கும் என்று சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடம் புள்ளியியலைப் பார்த்து மிரள்வதும், ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று பொருளியல் சேர்ந்தவர்கள் ஒரு ஏழையைக்கூடச் சந்திக்காமல் பட்டம் வாங்குவதும், இதைக் கேட்காததால் வருகிற விளைவு.

அடுத்து, முதல் சம்பளத்துக்கு எத்தனை வருடம். அப்புறம் சட்டம்: எந்த வேலைக்கு உரிமமோ பதிவோ தேவை. கணிதம் எவ்வளவு வேண்டும் என்பது நான்காவது. கடைசியாகப் பணம். கட்டணத் தாளில் அச்சடிக்காத செலவையும் அதில் சேர்க்க வேண்டும்.

## வழி 1: உளவியல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை நாட்டின் மூத்த துறைகளில் ஒன்று. மாநிலக் கல்லூரியிலும் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் உளவியல் படிக்கலாம். அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. கிடைக்காதபோது பலரும் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவிலோ ஷிஃப்ட் 2-விலோ சேர்கிறார்கள், செலவு அங்கே பல மடங்கு.

இந்த வழியின் பலம் அளவிடுதலும் சோதனையும். பதற்றம், நினைவாற்றல், கவனம் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றை எப்படி அளப்பது, அளந்தது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது என்பதை உளவியல்போல வேறு எந்தப் பாடமும் சொல்லித் தருவதில்லை.

ஆனால் இங்கேதான் பெரிய குழப்பமும். உளவியல் சேர்பவர்களில் பலர் மனதில் வைத்திருப்பது சிகிச்சை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி மருத்துவ உளவியலாளர் என்று பெயர் போட்டுக்கொள்ள முதுகலைப் பட்டம் மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த இரண்டு வருட மருத்துவ உளவியல் பயிற்சியும் வேண்டும். அந்த இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். இளங்கலையில் தொடங்கினால் குறைந்தது 7 வருடம். அந்தப் பயிற்சியின் வடிவமும் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு மாறிவருகிறது. சேரும் வருடத்தில் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலை நேரில் பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

இன்னொரு மாற்றம் பலருக்கு இன்னும் எட்டவில்லை. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் முடிப்பது சென்னையில் ரொம்ப காலமாக இருந்த வழி. 2021-இல் வந்த இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் நடத்தை ஆய்வாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இன்றைக்கும் யாராவது புதிதாக அஞ்சல் வழி உளவியல் பட்டம் தருவதாகச் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் யு.ஜி.சி. அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பதில் ஆய்வுதான் வேண்டும் என்றால் உரிமப் பிரச்சினை உங்களைத் தொடாது. அண்ணா நகரில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் மனச்சிதைவு நோயில் ஆய்வும் செய்கின்றன, அங்கே அளவிடும் திறமைக்கு மதிப்பு உண்டு. சர்க்கரை மாத்திரைக்காரரின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்றால், இந்த வழியை எடுங்கள்.

## வழி 2: பொருளியல்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். சென்னையில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் நடந்தது தெரியாமலே இந்த வழியைத் தள்ளிவிடுகிறார்கள்.

உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் சில நடத்தைப் பொருளியல் ஆய்வுகள் நம் தெருக்களில் நடந்தவை. சென்னையின் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்கள் 229 பேரிடம் பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் மூன்று வாரம் ஒரு சோதனை நடத்தினார். பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். அந்தக் குழுவின் சேமிப்பு ஏறக்குறைய பாதி அளவு உயர்ந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், தங்களைக் குடிக்காமல் கட்டிவைக்கும் அந்த ஏற்பாட்டுக்காகக் கையில் வரும் பணத்தையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். குடிப்பவருக்கு நிறுத்த மனசே இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தப் பேச்சுக்கு இந்த முடிவு நேரான பதில்.

இன்னொன்று தூக்கம் பற்றியது. சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேர். படுக்கையில் எட்டு மணி நேரம் இருந்தாலும் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சூடு, கொசு, சத்தம் என்று காரணம் நமக்கே தெரியும். இரவுத் தூக்கத்தை சராசரியாக 27 நிமிடம் கூட்டியும் அவர்களுடைய வேலைத்திறனில் மாற்றம் தெரியவில்லை. பகலில் ஒரு குட்டித் தூக்கம் போட வைத்தபோது பலன் தெரிந்தது. 2021-இல் வந்த இந்த முடிவு, பெரிய பலன் வரும் என்று முன்கூட்டியே கணித்திருந்த நிபுணர்களைப் பொய்யாக்கியது. இதனால்தான் எனக்கு இந்தத் துறைமேல் மரியாதை. நல்லது என்று எல்லோரும் நம்புவதையும் அளந்து பார்த்து, இல்லை என்றால் இல்லை என்று எழுதுகிறார்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடைக்குப் பின் காசு வந்த நேரத்திலும் அதே ஆட்களுக்கு அதே வகைச் சோதனை. காசில்லாதபோது மதிப்பெண் குறைந்தது. வட்டிக்கடனில் சிக்கிய சந்தை வியாபாரிகளின் கடனைச் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் முழுசாக அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கினார்கள்.

இதற்கெல்லாம் தமிழ் தெரிந்த களப்பணியாளர்கள் வேண்டும். வியாபாரியிடம் வட்டியைப் பற்றி எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்பது வெளியூர்ப் பேராசிரியருக்குத் தெரியாது. வறுமை ஒழிப்பு ஆய்வுக்கான ஜே-பால் அமைப்பின் தெற்காசியப் பிரிவு சென்னையில் ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிதி மேலாண்மை ஆய்வு நிறுவனத்தில்தான் தொடங்கியது. தமிழ்நாடு அரசோடு அதற்கு 2014-இல் ஒப்பந்தம் ஆனது. சர்வே எடுப்பவர், ஆய்வு உதவியாளர் என்று உள்ளே நுழையும் வழிகள் உண்டு. ஆனால் ஆய்வை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். நம் ஊர் ரிக்ஷாக்காரரைப் பற்றிய கேள்வியை நம் ஊரில் வளர்ந்த ஒருவர் எழுப்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும், அதுதான் இந்த வழியின் நீளம்.

சிக்கல் கணிதம். பல கல்லூரிகளில் பி.ஏ. பொருளியல் சேர பிளஸ் டூ கணிதம் கேட்க மாட்டார்கள். முதுகலை நுழைவில்தான் அது கழுத்தைப் பிடிக்கும். கோட்டூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடத்துக்குக் கால்குலஸும் புள்ளியியலும் இல்லாமல் போவது கஷ்டம். கணிதம் இல்லாத குரூப்பில் படித்தவர்கள் இளங்கலை மூன்று வருடமும் தனியாகக் கணிதம் படித்தாக வேண்டும், அந்த டியூஷன் செலவையும் கணக்கில் வையுங்கள். தரவை அலச உதவும் ஆர் (R) அல்லது பைதான் என்ற கணினி மொழியில் எழுதவும் பழக வேண்டும். ஆர் இலவசம் என்பது ஒரு நிம்மதி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எல்லா பி.ஏ. பாடத்திட்டத்திலும் நடத்தைப் பொருளியல் இருக்காது, இருந்தாலும் ஒரு தாளோடு முடிந்துவிடும்.

## வழி 3: சமூகப்பணி

எழும்பூரில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இதற்கு முதன்மையான இடம். லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளிலும் உண்டு. சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. சேரப் பொதுவாக எந்தப் பட்டமும் போதும். இரண்டு வருடத்தில் மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பிரிவு, மனிதவளம் என்று வேலைக்குப் போகலாம். பொருளியல்காரர்களின் சர்வே வேலையை விட்டுவிட்டால், நான்கு வழிகளில் சீக்கிரம் சம்பளம் தருவது இதுதான்.

வாரத்தில் ஒன்றிரண்டு நாள் களப்பணி கட்டாயம். காலையில் திருவொற்றியூர், மாலையில் ஏதோ ஒரு காப்பகம், இரவு முழுக்கக் களப்பணி அறிக்கை. பஸ், ரயில் செலவு சிறிதாகத் தெரியும், இரண்டு வருடத்துக்குச் சேர்த்தால் சிறிதில்லை. அதைவிடப் பெரிய செலவு மனதுக்கு. இருபத்திரண்டு வயதில் ஒரு குழந்தையின் துன்பத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவது எல்லோராலும் முடியாது. தொண்டு நிறுவனச் சம்பளம் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆய்வுமுறையில் இது மற்ற இரண்டைவிட மெலிந்தது. சோதனை வடிவமைப்பும் புள்ளியியலும் மேலோட்டமாகப் போய்விடும். ஆனால் ஒரு திட்டம் தாளில் நன்றாக இருந்தும் தெருவில் ஏன் தோற்கிறது என்று இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பெரம்பூர்க்காரர் மாத்திரையைப் போட வேண்டும், காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் என்றால் இதில் சேருங்கள். மனநல சமூகப்பணியாளர் ஆக வேண்டுமானால் அதற்கும் சட்டம் தனியாக இரண்டு வருட எம்.ஃபில். கேட்கிறது.

## வழி 4: பெயரிலேயே நடத்தை அறிவியல் உள்ள படிப்பு

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் அந்தப் பெயரிலேயே முதுகலை இருக்கிறது. வார்விக்கிலும் பொருளியலோடு சேர்த்து உண்டு. தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டணமும் லண்டன் வாடகையும் சேர்ந்தால் பல பத்து லட்சம். வீட்டை அடமானம் வைத்து, இளங்கலை முடித்த கையோடு ஓடிப்போக வேண்டிய படிப்பு இது இல்லை. ஒரே வருடம், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். திரும்பி வந்தால் சென்னையில் பல மனிதவள அதிகாரிகளுக்குப் பட்டத்தின் பெயரையே விளக்க வேண்டியிருக்கும். கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்றால், நெட் தேர்வில் உளவியல், பொருளியல், சமூகப்பணி எல்லாம் இருக்கின்றன, நடத்தை அறிவியல் என்று ஒரு பாடம் இல்லை. இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகை கிடைத்தால் போவது நல்லது.

குறுகிய ஆன்லைன் சான்றிதழ்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. 2015-இல் ஒரு பெரிய கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. அவற்றில் நாற்பதுக்கும் குறைவானவையே அதே முடிவைத் தந்தன. படிவத்தின் மேல்பகுதியில் கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்று 2012-இல் வந்து புகழ்பெற்ற கட்டுரை, தரவு புனையப்பட்டது தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்லித் தராமல் சுவாரசியமான தந்திரங்களை மட்டும் அடுக்கும் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சமூகவியலும் மானிடவியலும் ஐந்தாவது வழி. மானிடவியல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நீண்ட நாள் ஒரு இடத்தில் தங்கிக் கவனிக்கும் பொறுமை இருப்பவர்களுக்கு அது பொருந்தும். விண்ணப்பிப்பவர்கள் குறைவு, அதனாலேயே ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

| | உளவியல் | பொருளியல் | சமூகப்பணி | வெளிநாட்டு முதுகலை |
|---|---|---|---|---|
| நாள் முழுக்க எதிரில் இருப்பது | தனி மனிதர், சோதனைத் தாள் | தரவு, சர்வே | குடும்பம், தெரு | கட்டுரைகள், தரவு |
| கணிதம் | நடுத்தரம், புள்ளியியல் | அதிகம் | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் வரை |
| உரிமம் | சிகிச்சைக்குக் கட்டாயம் | இல்லை | மனநலப் பணிக்கு உண்டு | படிப்பு மட்டும் உரிமம் தராது |
| முதல் சம்பளம் | முதுகலைக்குப் பின் | இளங்கலைக்குப் பின் சர்வே வேலை, முதுகலைக்குப் பின் ஆய்வு | எம்.எஸ்.டபிள்யூ. முடித்ததும் | முன் அனுபவத்தைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | கூடுதல் 2 வருடம் | கணித டியூஷன் | பயணம், மனச்சோர்வு | கடன் வட்டி |

## ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு

பி.இ. முடித்து ஐ.டி.யில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டு முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மென்பொருளின் இரண்டு வடிவங்களை இரண்டு குழுக்களிடம் காட்டி எது பயன்படுகிறது என்று பார்க்கும் சோதனை, பயனர் ஆய்வு இரண்டும் நடத்தை அறிவியலின் அன்றாட வடிவங்கள். உங்கள் அலுவலகத்திலேயே அந்த டீம் இருக்கலாம், முதலில் அங்கே மாற்றிக் கேளுங்கள். பட்டம் வேண்டுமென்றால் இக்னோவில் எம்.ஏ. பொருளியல் தொலைநிலையில் படிக்கலாம். யு.ஜி.சி.யின் தடை பொருளியலைத் தொடவில்லை.

## விண்ணப்பம் போடும் முன்

அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், இந்த இளங்கலைகளில் எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி உண்டா என்று கல்லூரியில் கேளுங்கள். பாடத்திட்டத்தை வாங்கி, புள்ளியியலுக்கும் ஆய்வுமுறைக்கும் எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே தாள் என்றால், மீதியை நீங்களே வெளியில் படிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள். கடைசி வருடப் புராஜெக்டை மாணவர்களே தரவு சேகரித்துச் செய்கிறார்களா, இல்லை பழைய புராஜெக்டைத் திருப்பி எழுதுகிறார்களா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். கல்லூரி வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் சொல்லிவிடுவார்கள். இரண்டு கல்லூரிக்கு நடுவே முடிவு செய்ய முடியாமல் இருந்தால், மாணவர்களே தரவு சேகரிக்கும் கல்லூரியில் சேருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி.